முதலில் பார்த்தவரும் கடைசியில் பார்த்தவரும்: மியாசாகியின் மறுவரவுக்குக் காத்திருந்த ஒரு ரசிகர் குழு – நிகழ்வு ஆய்வு

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் படத்துக்காகப் பத்தாண்டு காத்திருந்த ஒரு சிறிய அனிமே ரசிகர் குழுவைப் பற்றிய பதிவு இது. பத்துப் பேருக்கும் குறைவானவர்கள், வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள், மாதம் ஒருமுறை காணொளி அழைப்பில் கூடுபவர்கள். அவரவர் சம்மதத்தோடு, பெயரும் அடையாளமும் இல்லாமல் எழுதுகிறேன். நானும் குழுவில் ஒருவன். ஆனால் கீழே வரும் முடிவுகளில் பெரும்பாலானவற்றை எடுத்தவர்கள் மற்றவர்கள். பின்பாதியில் படத்தின் கதை விவரங்கள் வருகின்றன, பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

பின்னணி

2013 ஜூலையில் மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' ஜப்பானில் வெளியானது. செப்டம்பர் 1-ஆம் தேதி வெனிஸ் திரைப்பட விழாவில், அவர் படமெடுக்கும் நிறுவனமான ஸ்டுடியோ ஜிப்லியின் தலைவர், மியாசாகி ஓய்வு பெறுகிறார் என்று அறிவித்தார். ஐந்து நாள் கழித்து டோக்கியோவில் பத்திரிகையாளர்கள் முன் மியாசாகியே வந்து அதை உறுதி செய்தார். அப்போது அவருக்கு 72 வயது. முன்பும் விலகப் போவதாக அவர் பேசியதுண்டு, பிறகு திரும்பி வந்ததும் உண்டு. இந்த முறை விளையாட்டில்லை என்றார். அடுத்த ஆண்டு ஜிப்லி தன் தயாரிப்புப் பிரிவையே நிறுத்தி வைத்ததும், பலரும் அதை முடிவு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் குழு உருவானது அந்த அறிவிப்பை ஒட்டித்தான். 'இனி வராது' என்ற வருத்தத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள். பின்னால் நடந்த பலவற்றுக்கும் இதுவே அடிப்படை. ஒருவரை வழியனுப்பக் கூடியவர்கள், அவர் திரும்பி வந்தபோதும் வழியனுப்பும் மனநிலையிலேயே இருந்தார்கள்.

2016 நவம்பரில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே ஒளிபரப்பிய ஆவணப்படத்தில், மியாசாகி மீண்டும் ஒரு முழுநீளப் படம் பற்றிப் பேசத் தொடங்கியது தெரிந்தது. 2017 தொடக்கத்தில் தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி அதை உறுதிப்படுத்தினார். அதே ஆண்டு அக்டோபரில், வசேதா பல்கலைக்கழக நிகழ்ச்சி ஒன்றில் மியாசாகி தலைப்பைச் சொன்னார். கென்சாபுரோ யோஷினோ 1937-இல் எழுதிய 'நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள்?' என்ற நாவலின் தலைப்பு அது. ஜப்பானுக்கு வெளியே படம் பின்னர் 'தி பாய் அண்ட் த ஹெரான்' ஆனது.

2017 முதல் 2022 வரை: கணக்குப் போட்ட காலம்

இந்தக் காலத்தில் குழுவுக்குச் செய்தி என்று கிடைத்தது மிகக் கொஞ்சம். கிடைத்ததை வைத்து ஆளாளுக்குக் கணக்குப் போட்டோம். 2020 மே மாதம் சுசுகி ஒரு பேட்டியில், 60 அனிமேட்டர்கள் வேலை செய்தும் மாதத்துக்கு ஒரு நிமிடம்தான் முடிகிறது, மூன்று ஆண்டில் 36 நிமிடம் ஆகியிருக்கிறது என்றார். கையால் வரையும் படம் என்பதால் அந்த வேகம். குழுவில் ஒருவர் உடனே கணக்குப் பார்த்தார். இரண்டு மணி நேரப் படம் என்றால் மீதி 84 நிமிடம், அதாவது ஏழு ஆண்டு. படம் வரும்போது 2027 ஆகிவிடும், மியாசாகிக்கு 86 வயது. அந்த மாத அழைப்பில் யாரும் அதிகம் பேசவில்லை.

கணக்கு தப்பாகப் போனது, படம் 2023-லேயே வந்தது. ஆனால் அந்த ஒரு கணக்கு குழுவின் பேச்சையே மாற்றிவிட்டது. படம் எப்படி இருக்கும் என்ற கேள்வி பின்னுக்குப் போய், அவர் முடித்துவிடுவாரா என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. 2018 ஏப்ரலில், மியாசாகியோடு ஜிப்லியைத் தொடங்கிய இயக்குநர் இசாவோ தகாஹாதா மறைந்திருந்தார். அந்தப் பயம் அதிலிருந்தே இருந்ததுதான், இப்போது ஆண்டுக் கணக்கோடு எதிரில் நின்றது. ஒரு கலைஞனின் வயதை விரல்விட்டு எண்ணும் ரசிகப் பழக்கம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. ஆனால் எண்ணாதவர் யாரும் குழுவில் இல்லை.

2021-இல் யோஷினோவின் நாவல் ஆங்கிலத்தில் வந்ததும் பாதிப் பேர் அதைப் படித்தார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் அத்தியாயம் அத்தியாயமாகக் குறிப்பெடுத்து, எந்த இடம் எப்படிப் படமாகும் என்றுகூட எழுதி வைத்தார். தலைப்பு மட்டும்தான் அங்கிருந்து, கதை வேறு என்ற பேச்சு அப்போதே இருந்தது. அவர் நம்பவில்லை.

ஒரே ஒரு போஸ்டர்

2022 டிசம்பரில் வெளியீட்டுத் தேதியும் ஒரு போஸ்டரும் வந்தன: 2023 ஜூலை 14. வெள்ளைப் பின்னணியில் ஒரு பறவைத் தலை, அலகுக்கடியிலிருந்து எட்டிப் பார்க்கும் இன்னொரு கண். அவ்வளவுதான். டிரெய்லர் இல்லை, டீசர் இல்லை, குரல் கொடுத்தவர்கள் பட்டியல் இல்லை, கதைச் சுருக்கம் இல்லை. வெளியீடு நெருங்கியபோது, இதற்கு மேல் எந்த விளம்பரமும் வராது என்று சுசுகி சொல்லிவிட்டார். போஸ்டரையும் தலைப்பையும் மட்டும் பார்த்துப் படத்தைக் கற்பனை செய்த சின்ன வயது அனுபவத்தையும் அவர் நினைவுகூர்ந்தார். ஜப்பானில் பெரிய படங்களுக்கு வழக்கமான தயாரிப்புக் கூட்டமைப்பு (பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் போடும் ஏற்பாடு) இல்லாமல் ஜிப்லி தன் பணத்திலேயே எடுத்த படம் இது. விளம்பரம் செய்தே ஆக வேண்டும் என்று கேட்கக்கூடிய பங்குதாரர்கள் இல்லாததால்தான் இது முடிந்தது என்பது என் கணிப்பு.

அந்த இரண்டாவது கண்ணைப் பற்றி மட்டும் குழுவில் பல வாரம் பேச்சு ஓடியது. பறவை முகமூடிக்குள் சிறுவன் என்றார் ஒருவர். போஸ்டரைப் பெரிதாக்கி அந்தக் கண்ணின் கோட்டை மட்டும் தாளில் வரைந்து பார்த்த இளைய உறுப்பினர், அது சிறுவனின் கண் போலத் தெரியவில்லை, வயதானவன் கண் போல இருக்கிறது என்றார். யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒருங்கிணைப்பாளர் இந்தக் கட்டத்தில் இரண்டு விஷயங்களை முன்வைத்தார். ஒன்று, ஒவ்வொருவரும் தன் எதிர்பார்ப்பை எழுதி அவருக்கு அனுப்பிவிட வேண்டும், எல்லோரும் பார்த்த பிறகு திறக்கலாம். இன்னொன்று, 1979-இல் வந்த முதல் படத்திலிருந்து 'தி விண்ட் ரைசஸ்' வரை 11 படங்களையும் வரிசையாக மறுபடி பார்ப்பது. முதலாவதை எல்லோரும் ஏற்றார்கள். இரண்டாவதற்கு அவர் 'விடைபெறும் வரிசை' என்று பெயர் வைத்தார். மூத்தவர் மட்டும், "இவர் இதுக்கு முன்னாடியும் போறேன்னு சொல்லியிருக்காரே, நாம ஏன் விடை கொடுக்கணும்?" என்று கேட்டார். பெயர் மாறவில்லை. இளையவருக்கு நேரம் அமையவில்லை, மறுபார்வையில் அவர் சேரவே இல்லை.

ஜூலை 14: ஒருவர் மட்டும் பார்த்தார்

குழுவில் ஒருவர் ஜப்பானில் வேலை பார்த்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. வெளியான அன்றே பார்க்கப் போகிறார் என்பது முன்பே தெரியும். பார்த்துவிட்டு அவர் என்ன சொல்லலாம் என்று முந்தைய வாரமே பேசினோம்.

நல்லா இருக்கா இல்லையா என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லலாம் என்று சிலர் கேட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் மறுத்தார். ஜப்பானில் முதல் நாள் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியாமல் உட்காரும் வாய்ப்பு கிடைக்கிறது, அதே வாய்ப்பு நமக்கும் வேண்டும், 'நல்லா இருக்கு' என்பதும் ஒரு தகவல்தான் என்பது அவர் வாதம். அது நியாயமாகவே பட்டது. முடிவு இப்படி ஆனது: குழுவின் கடைசி ஆள் பார்க்கும் வரை, பார்த்தவர் யாரும் வாய் திறக்கக்கூடாது. அன்றிரவே தோன்றியதை எழுதி, எதிர்பார்ப்புகளோடு சேர்த்து மூடி வைத்துவிட வேண்டும்.

அப்போது ஜப்பானுக்கு வெளியே எந்த நாட்டில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சில வாரம், அதிகம் போனால் இரண்டு மாதம் என்று எல்லோரும் மனதுக்குள் வைத்திருந்தோம்.

படம் ஜப்பானில் முதல் நான்கு நாளில் 210 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது, 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். விளம்பரமே இல்லாமல், மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே'யின் முதல் நான்கு நாள் வசூலைத் தாண்டிய கணக்கு அது. அரங்குகளில் வழக்கமாக விற்கும் விளக்கப் புத்தகம்கூட ஆகஸ்டில்தான் வந்தது. இந்தச் செய்திகளைக் குழுவில் பகிர்ந்துகொண்டோம். அக்கா மட்டும் எதற்கும் பதில் போடவில்லை.

ஆகஸ்ட் அழைப்புக்கு அவர் வந்தார், சீக்கிரமே கிளம்பினார். செப்டம்பரில் வரவில்லை. வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டோம். அந்த மாதம் டொராண்டோ திரைப்பட விழா இந்தப் படத்தோடு தொடங்கியது, வட அமெரிக்க வெளியீட்டுக்கான டீசரும் வந்துவிட்டது. குழு இரண்டாகப் பிரிந்து, பாதிப் பேர் டீசரைப் பார்த்தார்கள், பாதிப் பேர் பார்க்கவில்லை. அதே விழாவின்போது ஜிப்லி நிர்வாகி ஒருவர், மியாசாகி இப்போதும் அலுவலகம் வந்து அடுத்த படத்துக்கான யோசனைகளில் இருக்கிறார் என்றார். 'விடைபெறும் வரிசை'யில் ஒன்பதாவது படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செய்தியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒருவர் சிரித்தார், ஒருவர் உண்மையிலேயே கோபப்பட்டார்.

அக்டோபரில் செய்த திருத்தம்

அக்டோபரில் ஒருங்கிணைப்பாளர் அக்காவிடம் தனியாகப் பேசினார். வேலைப்பளு காரணமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா சொன்னது இது: "நீங்க எல்லாரும் யூகிச்சுக்கிட்டே இருக்கீங்க. நான் சிரிச்சா ஒரு அர்த்தம், சும்மா இருந்தா ஒரு அர்த்தம். அதான் வர்றதையே விட்டுட்டேன்."

அவர் சொன்னது சரி. ஆகஸ்ட் அழைப்பில், பறவை பற்றிப் பேச்சு வந்தபோது அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனதைக்கூட ஒருவர் 'குறிப்பு' என்று எடுத்துக்கொண்டிருந்தார். பத்தாண்டு காத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு ஒருவரிடமும் பேச முடியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று விதியை வகுத்தபோது யாரும் யோசிக்கவில்லை. பார்க்காதவர்களைக் காப்பாற்றும் விதியாகவே அது வகுக்கப்பட்டிருந்தது.

விதியை முழுக்க எடுத்துவிடலாமா என்று பேசினோம். வேண்டாம், இன்னும் இரண்டு மாதம்தானே என்று பெரும்பான்மையினர் சொன்னார்கள். டிசம்பர் 8 வட அமெரிக்கத் தேதி என்று அதற்குள் தெரிந்திருந்தது. ஸ்பாய்லர் பற்றிக் கவலையே படாத ஒரு உறுப்பினர் முன்வந்தார். "எனக்குச் சொல்லுங்க அக்கா, முழுசா சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றார். ஒரு மாலை முழுவதும் பேசியிருக்கிறார்கள். நவம்பர் அழைப்புக்கு அக்கா வந்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பழையபடி பேசினார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே உருப்படியானது இதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத் திட்டம் என்று ஒன்றும் தேவைப்படவில்லை. கேட்க ஒரு ஆள் போதுமாக இருந்தது.

டிசம்பர் முதல்

டிசம்பரில் குழுவில் மூவரும், அடுத்த சில வாரங்களில் மேலும் சிலரும் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது.

முதல் எதிர்வினைகள் நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. மூத்தவருக்கு ஏமாற்றம். அவர் குறிப்பெடுத்து வைத்த நாவல், படத்தில் ஒரு புத்தகமாக மட்டும் வருகிறது. இறந்துபோன அம்மா மகனுக்காக விட்டுச்சென்ற புத்தகம். படத்தின் நாயகனான சிறுவன் மஹிதோ அதைப் பிரித்து அழும் காட்சி சில நொடிதான். "நான் அந்தக் காட்சிக்கு அழுதிருக்கணும். ஆனா என் குறிப்புல இருந்தது எதுவும் வரலையேன்னு தேடிக்கிட்டிருந்தேன்" என்றார் அவர்.

11 படங்களையும் மறுபடி பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு வேறு சிக்கல். பறக்கும் காட்சி எப்போது, சமையல் காட்சி எப்போது என்று அவர்கள் மனதில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலில் இருந்தவை வந்தன, ஆனால் படம் அவற்றில் நிற்கவில்லை. பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் மஹிதோ ஒரு கல்லை எடுத்துத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ளும் இடம் இருக்கிறது. ரத்தம் வழிகிறது. ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. அந்த இடத்தில்தான் படம் தன்னைவிட்டு விலகிப் போனது என்று இருவர் சொன்னார்கள். அதே இடத்தில்தான் தனக்குப் படம் பிடிபட்டது என்றார் இளையவர், மறுபார்வையில் சேராதவர். ஒருவரை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் குறிக்க வேண்டிய விஷயம்.

போஸ்டரின் கண் விஷயத்திலும் அவரே சரி. நாரையின் அலகுக்குள்ளிருந்து வருவது பெரிய மூக்குள்ள, வழுக்கைத் தலை மனிதன்.

முழுக் கதையும் அக்காவிடம் கேட்டுவிட்டுப் போனவர்தான் அந்தக் கட்டத்தில் படத்தை மிகவும் ரசித்தவர். கதை தெரிந்ததால் அடுத்தது என்ன என்று பரபரக்காமல், தொடக்கத்துத் தீ விபத்துக் காட்சியில் கோடுகளே நெளிந்து உருகுவதை நிதானமாகப் பார்த்ததாகச் சொன்னார். அனிமேஷன் இயக்குநர் டகேஷி ஹோண்டா 'எவாஞ்சலியன்' அனிமே படங்களில் வேலை செய்தவர் என்பதும் அவர் சொல்லித்தான் பலருக்குத் தெரிந்தது. ஸ்பாய்லரால் படம் கெட்டுவிடும் என்பதன் மேல்தான் எங்கள் விதியே நின்றது. அதற்கு இவர் ஒரு எதிர்ச்சான்று.

ஜனவரியில் கருத்துகள் கொஞ்சம் மாறின. படத்தில் கோபுரத்துக்குள் உலகைத் தாங்கும் பெரிய தாத்தாவை எல்லோரும் மியாசாகி என்றே பார்த்திருந்தோம். வாரிசு தேடும் கிழவர், விடைபெறும் படம் என்று எல்லாம் பொருந்தியது. ஆனால் அந்தப் பாத்திரம் தகாஹாதா, சிறுவன்தான் மியாசாகி, நாரை என்பது தன்னையே குறிக்கிறது என்று சுசுகி பேட்டிகளில் சொல்லியிருந்தார். அதைப் படித்த பிறகு இருவர் மறுபடி பார்த்தார்கள். ஒருவர் முழுக்க மனம் மாறினார். மற்றவர், "புரிஞ்சுது. ஆனா புரிஞ்சதாலே பிடிச்சிடுமா?" என்றார். அவருக்கு இன்றும் படம் பிடிக்கவில்லை. குழுவில் இருக்கிறார்.

கடைசி ஆள்

இதற்கிடையில் ஒருவர் இன்னும் பார்க்கவில்லை. அவர் இருந்த இடத்தில் படம் வரவே இல்லை. 2024 மார்ச் 10 அன்று படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. மியாசாகி விழாவுக்குப் போகவில்லை. சிறந்த அனிமேஷன் படத்துக்கான அந்த விருதை வென்ற இயக்குநர்களில் மிக மூத்தவர் அவர், 83 வயது. குழு கொண்டாடியது. கடைசி ஆள், அதுவரை கவனமாகக் காப்பாற்றிவந்த எல்லாவற்றையும் விருதுச் செய்திகளோடு வந்த படங்களில் பார்த்துவிட்டார். நாரைக்குள் இருக்கும் மனிதனின் முகம் உட்பட.

அவர் பார்த்தபோது ஜப்பான் வெளியீட்டுக்குப் பத்து மாதம் ஆகிவிட்டிருந்தது. எல்லோரும் அவருக்காகத்தான் காத்திருந்தோம், முறைப்படி. ஆனால் அவர் பேச வந்தபோது மற்றவர்களிடம் பேச ஒன்றும் மிச்சமில்லை. எல்லோருக்கும் கருத்து இறுகிப் போயிருந்தது. அவர் ஆச்சரியமாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும், "ஆமா, அதை டிசம்பர்லயே பேசிட்டோம்" என்று பதில் வந்தது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து உட்கார்ந்தவர் நிலைமைதான்.

அன்று மூடி வைத்த குறிப்புகளைத் திறந்தோம். எதிர்பார்ப்புகள் சங்கடமாக இருந்தன, பெரும்பாலும் நாவலும் விடைபெறுதலும்தான். அக்கா ஜூலை 14 இரவு எழுதியது வேறு மாதிரி இருந்தது. பாதி வாக்கியங்கள், கேள்விகள். பெரிய தாத்தா அடுக்கும் கற்கள் 13 என்று குறித்து, மியாசாகி எடுத்த படங்களின் எண்ணிக்கையா என்று கேட்டு, பக்கத்திலேயே பெயர் பெயராக எழுதி எண்ணிப் பார்த்து, இதையும் சேர்த்தால் 12 என்று அடித்திருந்தார். கடைசி ஆளும் அதே கணக்கை முந்தைய நாள் போட்டிருந்தார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும்தான் பேசினார்கள், மற்றவர்கள் கேட்டோம். பத்து மாத இடைவெளி இருந்தும், ஒரே நாளில் பார்த்த இருவர் பேசுவது போலிருந்தது அது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

'கடைசி ஆள் பார்க்கும் வரை' என்ற விதியைக் குழு கைவிட்டுவிட்டது. உலகம் முழுவதும் ஒரே நாளில் வராத படத்துக்கு அது பொருந்தாது. அதற்குப் பதில், பார்த்த அன்றே எழுதி மூடுவது கட்டாயம், முதலில் பார்ப்பவருக்குக் கேட்க ஒரு துணையை முன்பே அமர்த்துவது, தாமதமாகப் பார்ப்பவர் வந்ததும் மூடிய குறிப்புகளைத் திறப்பது. எழுத்தில் புதுமை கெடாமல் இருக்கிறது, நினைவில் அப்படி இருப்பதில்லை.

எதிர்பார்ப்புகளை எழுதும் வேலை தொடரும். ஆனால் என்ன வேண்டும் என்பதோடு, எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதையும் எழுதச் சொல்லலாம் என்று மூத்தவரே யோசனை சொன்னார். மறுபார்வை வெளியீட்டுக்கு முன் வேண்டாம், பின்னால் வைத்துக்கொள்ளலாம். இதில் ஒருங்கிணைப்பாளருக்கு உடன்பாடில்லை. வரிசையாகப் பார்த்ததுதான் தனக்கு இந்தப் பத்தாண்டில் கிடைத்த பெரிய சந்தோஷம், புதுப் படம் அதற்கு அடுத்ததுதான் என்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை என்பதால் அது அவரவர் விருப்பம் என்று விடப்பட்டது.

இனி எந்த வரிசைக்கும் 'விடைபெறும்' என்று பெயர் வைப்பதில்லை என்பது மட்டும் ஒருமனதாக முடிந்தது. அடுத்த படம் பற்றிய செய்திகளை இப்போதே தொகுக்கத் தொடங்கலாமா என்பதில் முடிவு எட்டவில்லை. இளையவர் தொகுக்கத் தொடங்கிவிட்டார்.